வீட்டிலிருந்தே பட்டம்: நேரத்துக்கு வேலி தேவை

திருக்குர்ஆனின் 103ஆம் அத்தியாயமாகிய ‘அல் அஸ்ர்’ மூன்றே வசனங்களைக் கொண்டது. அச்சிறிய அத்தியாயத்தைக் காலத்தின் மீது சத்தியமிட்டே இறைவன் தொடங்குகிறான். உடல்நலம், ஓய்வு நேரம் என்னும் இரு அருட்கொடைகளின் விஷயத்தில் மக்களுள் பலர் இழப்புக்கு ஆளாகின்றனர் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். வீட்டிலிருந்தபடியே பட்டப்படிப்புப் பயிலும் இன்றைய மாணவ மாணவியருக்கு இவ்வெச்சரிக்கை பெரிதும் பொருந்தும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் இத்தகையோர் இருவகையினர். பகலில் தொழிற்பேட்டையில் உழைத்துவிட்டு இரவில் பாடம் படிக்கும் வாலிபர்கள் ஒரு வகை. திருமணத்திற்குப் பின் விட்ட படிப்பைத் தொடரும் சகோதரிகள் மற்றொரு வகை. 1985இல் தொடங்கப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இவர்களுக்காகவே கதவைத் திறந்து வைத்துள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யும் 2020இல் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. கதவு திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே நுழைந்தவர் அனைவரும் பட்டத்துடன் வெளிவருகின்றனரா? இடையில் நின்றுவிடுவோரும் உளர். அவர்களுட் பலருக்குக் குறைவு அறிவன்று, நேரம்.

நான்கு மணி நேரக் கணக்கு

கல்லூரியில் மணி அடிக்கும், ஆசிரியர் வருவார், வருகைப்பதிவு உண்டு. வீட்டில் இவை இல்லை. எனவே கணக்கை நாமே போட வேண்டும். இன்றைய உயர்கல்வி விதிகளின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட்கள். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு. ஆக, மொத்தம் 3600 மணி. ஆண்டுக்கு 1200 மணி. பெருநாள், உடல்நலக் குறைவு, உறவினர் இல்லத் திருமணம் எனத் தாராளமாக 65 நாட்களைக் கழித்துவிடுவோம். எஞ்சிய 300 நாட்களில் நாளொன்றுக்கு 4 மணி நேரம் போதும்.

நாளொன்றுக்கு அவ்வளவு இயலாதோர் மனம் தளர வேண்டியதில்லை. இந்திரா காந்தி பல்கலைக்கழகம் மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டுகள் வரை நீட்டித்துப் படிக்க இடமளிக்கிறது. அவ்வாறாயின் நாளுக்கு 2 மணி நேரமே தேவை. எதைத் தேர்ந்தாலும் தொடக்கத்திலேயே முடிவு செய்தல் வேண்டும். முடிவின்றி நாட்களைக் கழிப்பவருக்கு ஆறாண்டும் பற்றாது.

தொழுகை வகுத்த அட்டவணை

நேரத்தைப் பகுக்கும் கலையை முஸ்லிம்களுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுமா? ஐவேளைத் தொழுகை நம் நாளை ஏற்கெனவே பகுத்துத் தந்திருக்கிறது. ஒவ்வொரு தொழுகையோடும் ஒரு பாடவேளையைப் பிணைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. ஸுபுஹுக்குப் பின் வீடு விழிக்குமுன் ஒன்றரை மணி நேரம். கடினமான பாடம் இதற்கே உரியது. லுஹருக்குப் பின் ஒரு மணி நேரம் காணொலிப் பாடம். மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே முக்கால் மணி நேரம் குறிப்பெழுதுதல். இஷாவுக்குப் பின் முக்கால் மணி நேரம் மீள்பார்வை. கூட்டினால் நான்கு மணி நேரம்.

முறைமாற்றுப் பணி செய்வோருக்கு இவ்வட்டவணை வாரந்தோறும் மாறும். காலை ஷிப்டு எனில் பணி முடிந்து வந்த பின்னும் மஃக்ரிபுக்குப் பின்னும் படிக்கலாம். பிற்பகல் ஷிப்டு எனில் ஸுபுஹு முதல் முற்பகல் வரை பெரும்பகுதியை முடித்துவிடலாம். இரவுப் பணி வாரத்தில் உறக்கத்தைப் பறித்துப் படிப்பது வீண். அவ்வாரம் பாதி அளவு போதும். மீதியை விடுமுறை நாளில் ஈடு செய்யலாம்.

பயண நேரத்தையும் விட வேண்டாம். ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயிலில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம். புறநகர் ரயில் இல்லாத பூந்தமல்லியினர் பேருந்தின் குலுக்கலில் படிக்க இயலாது. ஆனால் கேட்க இயலும். முதல்நாள் இரவே பாடத்தின் ஒலிப்பதிவைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டால் பயணமே வகுப்பாகிவிடும். நம் இல்லங்களில் ஓதப்படும் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலின் ஆசிரியர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், டமாஸ்கஸில் மாணவராயிருந்தபோது நாளுக்குப் பன்னிரண்டு பாடங்கள் கற்றதாகவும், தெருவில் நடக்கையிலும் கற்றதை மனத்துள் ஓட்டிப் பார்த்ததாகவும் அவர்தம் வரலாற்றில் காண்கிறோம்.

நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

‘இணையவழி’ என்றால் ‘எப்போது வேண்டுமானாலும்’ என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழை. ஐ.ஐ.டி. படிப்பில் வாராவாரம் ஒப்படைப்புகள் உண்டு. தேர்வை நேரில் சென்றே எழுத வேண்டும். ஒப்படைப்பின் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முந்திய நாளையே நமக்குரிய கடைசி நாளாகக் கொள்வது நலம். மின்வெட்டும் இணையக் கோளாறும் கடைசி நாளில்தான் வந்து நிற்கும்!

ரமளானையும் பருவத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னோக்கி நகர்கிறது. தேர்வுகளோ ஆங்கில மாதக் கணக்கில் வருகின்றன. 2030ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலுமாக ரமளான் இருமுறை தொடங்கும். அத்தகைய பருவங்களில் பாடத்தின் பெரும்பகுதியை ஷஃபானிலேயே முடித்துவிடுவது இபாதத்துக்கும் நல்லது, தேர்வுக்கும் நல்லது.

வீட்டாரின் கடமை

இத்தனையும் மாணவர் கையில். ஆனால் ஒன்று மட்டும் வீட்டார் கையில் உள்ளது. கல்லூரிக்குச் செல்லும் மகனை வகுப்பின் நடுவே கடைக்கு அனுப்ப எவரும் எண்ணுவதில்லை. வீட்டிலிருந்து படிக்கும் மகளையும் மருமகளையும் மட்டும், ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்’ என்று பத்து முறை எழுப்புகிறோம். விருந்தினர் வந்தால் அவளே எழ வேண்டும். குழந்தை அழுதாலும் அவளே ஓட வேண்டும். நான்கு மணி நேரம் இவ்வாறு நாற்பது துண்டுகளானால் அதில் எந்தப் பாடம் நிற்கும்?

பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். வீட்டுப் பணியில் பங்கெடுப்பதும், உரிய நேரத்தை உரியதற்கே அளிப்பதும் ஆகிய இரண்டும் இதில் நமக்குப் பாடமாகின்றன. கணவர் ஒரு வேளைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். மாமியார் ஒரு வேளை அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். படிக்கும் நேரத்தை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தால், அது அவளுக்கு மட்டுமன்றி வீடு முழுமைக்கும் அட்டவணையாகும். கைப்பேசி ஒன்றே உள்ள இல்லத்தில் அந்நேரத்துக்கு அது அவளுடையது என்பதும் அத்தாளில் இடம்பெற வேண்டும்.

ஒரு தாய் பட்டம் பெற்றால் அவள் மடியில் வளரும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஓர் ஆசிரியை கிடைக்கிறாள். அந்த நன்மைக்கு வீட்டார் அளிக்கும் விலை, நாளொன்றுக்கு நான்கு மணி நேர அமைதியே. அதனை மனமுவந்து அளிக்கவும், கிடைத்த நேரத்தை வீணாக்காது பேணவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.