எந்த மைக் என்பதை விட எவ்வளவு கிட்ட
வீட்டிலேயே ஒரு ரெக்கார்டிங் ரூம் – 4

கதை சொல்லவோ பாடம் நடத்தவோ மைக் தேடுகிறவர்களின் கண் முதலில் கண்டென்சர் மைக் மேல்தான் விழுகிறது. சினிமாப் பாட்டு ரெக்கார்டிங் படங்களில் பாடகரின் முகத்துக்கு நேரே தொங்குமே, அந்த உருவம். பிஎம்-800 என்ற பெயரில் ஸ்டாண்டு, பஞ்சு மூடி எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் மலிவாகக் கிடைக்கிறது. அதை அம்பத்தூர் வீட்டு ஹாலில் வைத்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். அரக்கோணம் மின்ரயிலின் ஹாரன், மாடிவீட்டுத் தண்ணீர் மோட்டார், ஃபேன், பக்கத்து வீட்டுக் குக்கர் எல்லாம் உங்களோடு சேர்ந்து பேசியிருக்கும்.

இதில் மைக்கின் குற்றம் பாதிதான். கண்டென்சரின் சவ்வு மிக மெல்லியது, சின்ன அதிர்வையும் விடாது. ஸ்டுடியோக்காரர்கள் அறையை அமைதியாக்கிவிட்டு அதை உள்ளே கொண்டுபோகிறார்கள். அதற்கு ஒயர் வழியாகவே வரும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது பேன்டம் பவர் வேறு வேண்டும். பிஎம்-800உடன் வரும் ஒயரோ லேப்டாப்பின் 3.5 மி.மீ. துளையில் நேரே சொருகுவது. அந்தத் துளை தருவது சில வோல்ட்தான். குரல் மெலிந்து வரும். சத்தத்தை ஏற்றினால் ‘உஸ்’ஸென்ற இரைச்சலும் கூடவே ஏறும்.

“அப்போ டைனமிக் வாங்குங்க சார், வெளிச்சத்தம் வராது” என்பார் கடைக்காரர். பாதி உண்மை. டைனமிக் மைக் எதையும் வடிகட்டுவதில்லை. அதற்குக் காது கொஞ்சம் மந்தம். வாய்க்குப் பக்கத்தில் பிடித்தால்தான் ஒழுங்காகக் கேட்கும். அந்த நெருக்கம்தான் காரியத்தைச் சாதிக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அரை மீட்டரை 10 சென்டிமீட்டராக்கினால் ஏறக்குறைய 14. தண்டவாளம் இருந்த இடத்திலேயே இருப்பதால் ரயில் சத்தம் கூடுவதில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருமுனையில், மேளத்துக்கு நடுவே, மைக் செட்காரர் “கிட்டப் பிடிச்சுப் பேசுங்க தலைவரே” என்று கெஞ்சுவது இதற்காகத்தான். டெசிபல் கணக்கு அவருக்கு வேண்டியதில்லை.

இதற்கு நல்ல சாட்சி காலர் மைக். பெல் லேப்ஸில் 1962இல் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய எலக்ட்ரெட் வகையைச் சேர்ந்தது அது. அதுவும் கண்டென்சர் குடும்பம்தான். மின்னேற்றத்தைத் தன்னிடமே வைத்திருக்கும் படலம் என்பதால் 48 வோல்ட் கேட்காது. எல்லாத் திசையிலும் கேட்கும் காதுதான், ஆனாலும் சட்டைப் பொத்தானில் ஒரு சாண் தூரத்தில் இருப்பதால் ஜெயித்துவிடுகிறது. போயா பிஒய்-எம்1 ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், ஒயர் 6 மீட்டர். அதன் நடுவில் ஒரு சின்ன உருளை, அதில் ஒரு சுவிட்ச். போன் பக்கம் தள்ளினால் பேட்டரி தேவையில்லை. கேமரா பக்கம் தள்ளினால் எல்ஆர்44 பட்டன் பேட்டரி வேண்டும். சுவிட்சை மாற்றி வைத்துவிட்டு மைக் செத்துவிட்டது என்று கடைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. சி-டைப் துளை மட்டும் உள்ள போனுக்குத் தனியாகக் கன்வர்ட்டர் வாங்க வேண்டும். போலிகள் நிறைய, பில் கேளுங்கள்.

கையில் இன்னும் கொஞ்சம் பணமிருந்தால் யுஎஸ்பி டைனமிக். சாம்சன் க்யூ2யூவில் யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் என்ற இரண்டு இணைப்பும் உண்டு. பின்னால் இன்டர்ஃபேஸ் (எக்ஸ்எல்ஆர் மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வாங்கினாலும் அதே மைக் உதவும். 1966இலிருந்து மேடைகளை ஆளும் ஷூர் எஸ்எம்58க்கு ஆசைப்படலாம், ஆனால் இன்டர்ஃபேஸ் இல்லாமல் அதை லேப்டாப்போடு பேசவைக்க முடியாது. முதல் வருஷத்துக்கு அது வீண்செலவு என்பேன்.

சுவரில் முட்டைத் தட்டு ஒட்டுவதும் அப்படித்தான். எதிரொலி கொஞ்சம் குறையலாம், ரயில் நிற்காது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பேசுங்கள், காசு செலவில்லை. ஃபேனை நிறுத்துங்கள்.

வாங்கப் போவது ரிச்சி ஸ்ட்ரீட் என்றால், கடை வாசலிலேயே போனில் மாட்டி இரண்டு நிமிஷம் பேசி, ஹெட்போனில் கேட்ட பிறகு பணத்தை எடுங்கள். அந்தத் தெருவின் ஹாரன்களை மீறிக் குரல் தெளிவாக நின்றால், ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நிற்கும்.

(தொடரும்)