பாம்பின் பசியும் பாலும்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக மலையேறிச் சென்றால், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்தை அடையலாம். பல தலைமுறைகளுக்கு முன் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழிவந்தோர் அங்கே லயங்களில் வாழ்ந்து வருகின்றனர். தோட்டத்தை அடுத்துக் காடு தொடங்கிவிடுவதால், பாம்பு அவர்களுக்கு அடுத்த வீட்டுப் பிராணி. நாம் மலைப்பாம்பு என்பதை அங்கே பெரும்பாம்பு என்பர், சாரை அங்கே சேரை, நல்லபாம்பு மூர்க்கன், ராஜநாகம் ராஜவெம்பாலா.

பாம்பு பால் குடிக்கும், உணவிட்டவரை நினைவில் வைத்திருக்கும் என்னும் நம்பிக்கைகளை நம்மவர் எங்குச் சென்றாலும் உடன் கொண்டு செல்கின்றனர். பம்பாய், பெங்களூர் போன்ற நகரங்களிலோ, அயல்நாட்டு மலைப்பாம்புகளைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்போரும் தோன்றியுள்ளனர். பாம்பு எவ்வாறு உண்கிறது என்பதை அறிந்துகொண்டால், இவற்றில் எது மெய், எது பொய் என்பது தானே விளங்கும்.

மனிதன் தன் உடலின் உஷ்ணத்தைக் காத்துக்கொள்ளவே உணவின் பெரும்பகுதியைச் செலவிடுகிறான். பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. அது வெயிலிலிருந்தும் தரையிலிருந்தும் உஷ்ணத்தைப் பெற்றுக்கொள்கிறது. ஆகவே அதற்கு அடிக்கடி ஆகாரம் தேவையில்லை. வளர்ந்த மலைப்பாம்பு பல மாதங்கள்கூட உண்ணாமல் இருக்க வல்லது.

இரையைத் தேடுவதில் அதன் முதல் கருவி நாக்கு. பிளவுபட்ட நாக்கு காற்றிலுள்ள வாசனைத் துகள்களைத் திரட்டி, மேலண்ணத்திலுள்ள உணர்வுறுப்புக்குக் கொண்டு சேர்க்கிறது. மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகளும், குழிவிரியனின் கண்ணுக்கும் நாசிக்கும் இடையேயுள்ள குழிகளும் இரையின் உடற்சூட்டை இருளிலும் உணர்ந்துகொள்ளும்.

பாம்பு கடித்து மென்று உண்பதில்லை, முழுதாக விழுங்குகிறது. அதன் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் நம்முடையதைப் போல் முன்னே ஒட்டியிருப்பதில்லை. நெகிழும் தசைநாரால் இணைந்துள்ளன. பின்னோக்கி வளைந்த பற்களால் ஒருபுறமும் மறுபுறமும் மாறி மாறிப் பற்றி, இரையைப் பெரும்பாலும் தலைப்பக்கமிருந்து உள்ளே இழுக்கிறது. மூச்சுக்குழலின் வாய் முன்னே நீண்டு வருவதால், விழுங்கும் நேரத்திலும் அது சுவாசிக்க முடிகிறது.

விழுங்கிய பின் உடலுக்குள் பெருவேலை தொடங்குகிறது. பர்மிய மலைப்பாம்பு உணவுண்ட 48 மணி நேரத்தில் அதன் இதயம் ஏறக்குறைய 40 விழுக்காடு பருக்கிறது என்று 2005ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. இந்த ஜீரணத்துக்கு வெளி உஷ்ணம் இன்றியமையாதது. குளிர் தாக்கினாலோ, உண்டவுடன் கையில் எடுத்து அலைக்கழித்தாலோ பாம்பு இரையைக் கக்கிவிடும். தோலுரிக்கும் காலம் நெருங்கிக் கண்கள் மங்கும்போது, பல பாம்புகள் உணவைத் தொடுவதேயில்லை. அது நோயன்று, இயல்பே.

இனிப் பாலின் கதைக்கு வருவோம். பால் பாம்பின் ஆகாரமன்று. நாள்கணக்கில் நீரின்றி வைக்கப்பட்ட பாம்பு, தாகத்தினால் எந்தத் திரவத்தையும் பருகக்கூடும். அதைக் கண்டே, பாம்பு பக்தர் வார்த்த பாலை உண்டது என்று எண்ணுகிறோம். அந்தப் பால் பாம்புக்கு நன்மை செய்வதில்லை. ஜீரணமாகாமல் தீங்கே விளைவிக்கும்.

நன்றியுணர்வின் கதையும் இத்தகையதே. உணவிடும் கையைப் பாம்பு அன்புடன் நினைப்பதில்லை. கையில் எலியின் வாசனை இருந்தால், கையையே இரையென்று எண்ணிப் பாயும். பயிற்சி பெற்றோர் நீண்ட இடுக்கியினால் இறந்த எலியை நீட்டுவது இதனால்தான். உயிருள்ள எலியை உள்ளே விட்டால், அது பாம்பையே கடித்துக் காயப்படுத்துவதும் உண்டு.

பழக்கம் பாதுகாப்பாகாது என்பதற்குத் துயரமான சான்று ஒன்று போனக்காட்டின் தலைநகரிலேயே உண்டு. 2021 ஜூலையில் திருவனந்தபுரம் விலங்குக்காட்சிசாலையில், ராஜநாகத்தின் கூண்டைத் தூய்மை செய்த பராமரிப்பாளர் ஒருவர் கடிபட்டு உயிரிழந்தார். ராஜநாகத்தின் முக்கிய உணவு பிற பாம்புகளே. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ராஜநாகம் தனி இனம் என்று 2024ஆம் ஆண்டில் அறிஞர்கள் வகுத்து, அதற்குக் காளிங்கம் என்னும் பொருள்படப் பெயரிட்டுள்ளனர்.

நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டுப் பாம்புகளை வைத்திருப்போர், 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி அவற்றைப் பதிவு செய்யவேண்டும்.

பாம்பின் பசியை அறிந்தவருக்கு அதைத் தொலைவில் நிறுத்தும் வழியும் புலப்படும். லயத்துக்குப் பாம்பை அழைத்து வருவது பெரும்பாலும் எலியே. சிந்திய அரிசி, திறந்த குப்பை, கோழிக்கூட்டில் மிஞ்சிய தீனி, சுவரை ஒட்டிய விறகுக் குவியல் ஆகியவை எலிக்கு விருந்தும் விடுதியுமாகின்றன. அவற்றை அகற்றினால் எலி நீங்கும். எலி நீங்கினால் பாம்புக்கு அங்கே வேலையில்லை. எலியை ஒழிக்கும் சாரையை அடித்துக் கொல்வதோ, நமக்கு உதவும் ஒரு வேலையாளை இழப்பதற்கு ஒப்பாகும்.

இரவில் நடக்கையில் கைவிளக்கு அவசியம். வீட்டினுள் பாம்பைக் கண்டால், கேரளத்தில் வனத்துறையின் 'சர்ப்பா' என்னும் கைப்பேசிச் செயலி வாயிலாகப் பயிற்சி பெற்றவரை அழைக்கலாம். கடிபட்டால் கீறவோ, இறுகக் கட்டவோ, உறிஞ்சவோ வேண்டாம்; கடிபட்ட உறுப்பை அசைக்காமல் விரைந்து மருத்துவமனைக்குச் செல்க. நம் நாட்டில் வழங்கும் நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு உரியது. தோட்டங்களில் காணப்படும், மூக்குநுனி மேல்நோக்கி வளைந்த குழிவிரியனின் விஷத்துக்கு அது உதவாது. சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய அவ்விஷத்துக்கு மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு வேண்டும்.

பாம்புக்குப் புற்றில் பால் வார்ப்பதைவிட, அதன் காட்டை அதற்கு விட்டு, நம் முற்றத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்வதே இரு தரப்புக்கும் நலம் தரும்.