வன்தட்டும் வாசிப்புரிமையும்: லினக்ஸ் விண்டோஸ் பிரிவுகளை வாசிப்பது பற்றிய ஒரு குறிப்பு

கல்முனைப் பகுதியில் இன்னும் எஞ்சியுள்ள அறபுத் தமிழ் நூலொன்றை அறபெழுத்து அறியாத தமிழாசிரியர் கையிலெடுப்பின் அவரால் அதனை வாசித்தல் இயலாது. மொழி அவருடையது, எழுத்து வேறு. விண்டோஸ் கணினியொன்றின் வன்தட்டை லினக்ஸ் கணினியில் இணைக்கையில் நேரக்கூடியதும் ஏறத்தாழ இதுவே. தரவுகள் தட்டில் உள்ளன. அவற்றை எவ்வொழுங்கில் வாசிப்பதென்னும் அறிவு இல்லை.

எனினும் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. அறபுத் தமிழின் நெடுங்கணக்கை எவரும் தனியுடைமையாக்கவில்லை. 1993இல் விண்டோஸ் என்.ரி.யுடன் வந்த என்.ரி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமையின் முழு விவரணத்தையோ மைக்ரோசொஃப்ட் வெளியிடவில்லை. எனவே இங்கு வாசிக்கவியலாமை தொழினுட்பக் குறைபாடன்று, உடைமையுறவின் விளைவு.

அவ்வொழுங்கு கூட்டுழைப்பினாலேயே வெளிக்கொணரப்பட்டது. பிரிவின் தொடக்கப் பகுதி, தலைமைக் கோப்பு அட்டவணை இருக்குமிடத்தைக் காட்டும். அவ்வட்டவணையில் ஒவ்வொரு கோப்புக்கும் பெரும்பாலும் 1024 பைற் அளவான ஒரு பதிவுண்டு. மிகச் சிறிய கோப்பாயின் அதன் உள்ளடக்கமே அப்பதிவினுள் அடங்கிவிடும். இவற்றையெல்லாம் தட்டினை ஆராய்ந்தே அறியவேண்டியிருந்தது. ஜேர்மனியரான மார்ட்டின் ஃபொன் லோவிஸ் 1990களில் முதல் இயக்கியை எழுதினார். அன்ரன் அல்ரபார்மாகோவ் புதிதாக எழுதியது 2002இல் லினக்ஸ் கருனியிற் சேர்ந்தது. அது பெரும்பாலும் வாசிப்புக்கே உதவியது. எழுதவும் வல்ல என்.ரி.எஃப்.எஸ்.-3ஜி 2007இல் நிலைபேறடைந்தது. 2021இல் பரகன் நிறுவனம் தன் இயக்கியை வழங்க, அது கருனியின் 5.15ஆம் பதிப்பில் இடம்பெற்றது. இதனை வள்ளன்மை என்பார் உளர். இலவசமான மாற்று பல்லாண்டுகள் புழங்கியபின், விற்பனைப் பண்டமாக அதன் பெறுமதி தேய்ந்துவிட்டமையே காரணம் என்பது எனது கருத்து.

பழைய கணினிக்கெனக் கருனியைத் தாமே தொகுப்போர், அதனைச் சிறிதாக்கும் பொருட்டுப் பலவற்றை நீக்குவர். கோப்பு முறைமைகளின் பட்டியலில் என்.ரி.எஃப்.எஸ்.3 நீக்கப்படின் பிரிவு கண்ணிற்படும், திறவாது. அதனைக் கருனியோடு பிணைக்கலாம், அல்லது தனிக் கூறாக அமைக்கலாம். பின்னதாயின் தொகுத்தபின் கூறுகளையும் நிறுவவேண்டும். பலர் தடுமாறுமிடம் இதுவே. பிரிவினை முதலில் வாசிப்புக்கு மட்டுமாகத் திறத்தல் நன்று. 'விரைவுத் தொடக்கம்' செயற்பட்ட நிலையில் மூடப்பட்ட விண்டோஸ் அரைத்துயிலிலேயே இருக்கும். அந்நிலையில் எழுத முனைவது தரவுகளைச் சிதைக்கலாம்.

இன்னொன்று. என்.ரி.எஃப்.எஸ். கோப்புப் பெயர்களை யூனிக்கோட்டில் வைத்துள்ளது. லினக்ஸ் கருனியின் இயல்புத் தெரிவாகிய எழுத்துத்தொகுதியோ மேற்கைரோப்பிய மொழிகளுக்கானது. இயல்பு எனப்படுவது யாருடைய இயல்பு? யூ.ரி.எஃப்.-8 எனக் குறிப்பிட்டாலன்றித் தமிழ்ப் பெயர்கள் சிதைவுறும்.

பெயர் தெளிந்தபின்னும் உள்ளடக்கம் தெளியாதிருக்கலாம். இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை இருத்தியது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கிலக் கோவையாகவே தோன்றும். யூனிக்கோட்டுக்கு மாற்றுதல் வேண்டும்.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வீடுகளை அழித்தபோது அவற்றிலிருந்த தாள்களும் அழிந்தன. அச்சுக்கென முன்னர் தட்டச்சிட்ட கவிதையோ ஊர் வரலாறோ பழைய வன்தட்டொன்றில் மட்டுமே எஞ்சியிருக்குமாயின், அதற்கு மேற்கூறிய இரு திறவுகோல்களும் வேண்டும். வன்தட்டுகளும் பழுதடைவன, கடற்கரை ஈரத்தில் அவற்றின் ஆயுள் நீளாது.