முதல் செமஸ்டர் ரிசல்ட் யாருக்கு? - ஒரு புதிய கல்லூரி ஆசிரியையின் இரண்டாம் பருவம்

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம். தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள ஒரு கலை, அறிவியல் கல்லூரியில், முதலாம் ஆண்டு பி.காம். வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. திடீரென்று பின்வரிசையில் சலசலப்பு. நவம்பரில் எழுதிய செமஸ்டர் தேர்வின் முடிவுகளைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுவிட்டது. பெஞ்சுக்கு அடியில் செல்போன்கள் கைமாறுகின்றன. முன்வரிசையில் ஒரு மாணவி அழத் தொடங்குகிறார்.

கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியைக்கு வயது 26. போன ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்தார். மாணவர்களைப் போலவே அவருக்கும் இது முதல் ரிசல்ட். அவர் எடுத்த 'ஃபைனான்சியல் அக்கவுண்டிங் - 1' தாளில் ஏறக்குறைய பாதி வகுப்பு அரியர்.

"அன்னைக்கு மீதி கிளாஸ் எடுக்கவே முடியல. பசங்க ஃபெயில் ஆனாங்களா, நான் ஃபெயில் ஆனேனான்னு தெரியல" என்கிறார், பெயர் வெளியிட விரும்பாத அந்த உதவிப் பேராசிரியை.

பள்ளியில் காலாண்டுத் தேர்வு முடிந்தால் அடுத்த வாரமே விடைத்தாள் கைக்கு வந்துவிடும். எங்கே தவறு நடந்தது என்று ஆசிரியருக்கும் மாணவருக்கும் உடனே தெரியும். கல்லூரியில் அப்படி இல்லை. நவம்பரில் தேர்வு முடிந்து, விடைத்தாள்கள் மதிப்பீட்டு முகாமுக்குப் போகும். அவை திருத்தப்பட்டு முடிவு வருவதற்குள் இரண்டாம் செமஸ்டர் பாடங்களே தொடங்கிவிடும். கணக்கியல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பாடத்தில் இதுதான் சிக்கல். முதல் தாளில் அடித்தளம் விழுந்ததா இல்லையா என்று தெரியாமலே இரண்டாம் தாளின் சுவரை எழுப்ப வேண்டியிருக்கிறது. கையில் இருப்பது இன்டர்னல் மதிப்பெண் மட்டும். அது பல பல்கலைக்கழகங்களில் 100-க்கு 25. மீதி 75 பல்கலைக்கழகத் தேர்வுக்கு. அந்த 25-ஐப் போடுவது வகுப்பு ஆசிரியரே என்பதால், அதை வைத்து அவர் தன்னையே சோதித்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

பாடம் தெரியும், பாடம் நடத்த?

நம் நாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்க, 2015-ல் 2 ஆண்டுப் படிப்பாக மாற்றப்பட்ட பி.எட். போன்ற ஓர் ஆசிரியர் பயிற்சிப் படிப்பு வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுத வேண்டும். அதே பிள்ளை வளர்ந்து கல்லூரிக்கு வந்தால், அங்கே பாடம் எடுப்பவருக்குக் கற்பித்தல் பயிற்சி கட்டாயமில்லை. முதுநிலையில் 55 சதவீத மதிப்பெண்ணும், நெட் அல்லது செட் தேர்ச்சியும் போதும். பிஎச்.டி. வழியாகவும் வரலாம். நெட் முதல் தாளில் 10 அலகுகளில் ஒன்றாக 'கற்பித்தல் திறன்' இருக்கிறது. ஆனால், அதில் சரியான விடையைத் தேர்வு செய்தால் போதும். ஒரு வகுப்பின் முன்னால் நிற்கத் தேவையில்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு பயிற்சி உண்டு. புதிய ஆசிரியர்களுக்காக 'குரு தக்‌ஷதா' என்ற ஒரு மாத அறிமுகப் பயிற்சியை யுஜிசி வகுத்திருக்கிறது. நமது ஆசிரியைக்கு முதல் செமஸ்டரில் அது வாய்க்கவில்லை. சேர்ந்த அன்று காலை கையில் டைம்டேபிளும் வருகைப் பதிவேடும் கொடுத்தார்கள். பத்து மணிக்கு வகுப்பு.

அப்படி வருபவர்கள் எப்படிப் பாடம் நடத்துவார்கள்? தங்களுக்கு எப்படி நடத்தப்பட்டதோ அப்படியே. அமெரிக்க சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-ல் வெளியான தன் புத்தகத்தில் இதைத்தான் விளக்கினார். மாணவராக ஆயிரக்கணக்கான மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்ததே பலருக்கு உண்மையான பயிற்சியாகிவிடுகிறது. ஆசிரியர் பேசுவது மட்டும்தான் பெஞ்சிலிருந்து தெரியும்; அந்தப் பேச்சுக்குப் பின்னால் அவர் என்ன யோசித்தார் என்பது தெரியாது.

நமது ஆசிரியை திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தவர். கல்லூரியும் ஆங்கில வழி. அதனால் அவர் கண்ணுக்கு ஒரு விஷயம் படவேயில்லை.

'டிப்ரிசியேஷன்' தெரியாத, தேய்மானம் தெரிந்த மாணவி

ரிசல்ட் வந்த மறுநாள், அழுத மாணவியை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டுப் பேசினார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண். பிறகு ஏன்?

"டிப்ரிசியேஷன் சம் ஒண்ணு போடச் சொன்னேன். பேனாவை வச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தா. சட்டுன்னு ஏதோ தோணி, 'தேய்மானம்மா, இயந்திரத்தோட தேய்மானம்'னு சொன்னேன். 'நேர்க்கோட்டு முறையா, குறைந்துசெல் மதிப்பு முறையா மேடம்?'னு கேட்டா. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. அந்தத் தமிழ் வார்த்தைகள் எனக்கே தெரியாது."

தமிழ் வழிப் பாடநூலில் ஜர்னல் என்பது குறிப்பேடு. லெட்ஜர், பேரேடு. ட்ரையல் பேலன்ஸ், இருப்பாய்வு. டெபிட்டும் கிரெடிட்டும் பற்று, வரவு. இரண்டு வருடம் இந்தச் சொற்களோடு பழகிய பிள்ளைகள் கல்லூரியில் முதல் நாளே ஆங்கிலச் சொற்களுக்குள் தள்ளப்படுகிறார்கள். நடுவில் பாலம் எதுவும் இல்லை. வகுப்பில் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, 'பேஸிக்கே தெரியல' என்று முதல் செமஸ்டர் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார் ஆசிரியை. ஒருமுறை வகுப்பில் அப்படிச் சொல்லியும் விட்டார். இப்போது அதைச் சொல்லும்போது குரல் இறங்குகிறது.

இதில் இன்னொரு சுவாரசியமும் இருக்கிறது. பிளஸ் டூவில் உயிரியல் படித்துவிட்டு பி.காம். வந்த சிலர், கணக்கியலே தெரியாமல் தொடங்கியும் பாஸாகிவிட்டார்கள். அவர்களுக்கு மறக்கவோ மாற்றிக்கொள்ளவோ எதுவும் இல்லை.

தவணை வண்டியும் பேலன்ஸ் ஷீட்டும்

இரண்டாம் செமஸ்டரில் 'ஃபைனான்சியல் அக்கவுண்டிங் - 2'. முதல் பகுதி, ஹயர் பர்ச்சேஸ். தமிழில் வாடகைக் கொள்முதல். ரிசல்ட்டுக்குப் பிறகு அதை மறுபடி முதலிலிருந்து எடுத்தார். கரும்பலகையின் இடது ஓரத்தில் தமிழ்ச் சொல், பக்கத்தில் ஆங்கிலச் சொல். முதல் கேள்வி: "உங்க வீட்ல தவணைல வாங்கின பொருள் என்ன?"

கிரைண்டர், செல்போன், டூவீலர் என்று வகுப்பே பேசியது. ரொக்க விலை 80,000 ரூபாய் உள்ள வண்டி. முன்பணம் 20,000. மாதம் 5,500 வீதம் 12 தவணை. மொத்தம் கட்டுவது 86,000. கூடுதலாகப் போகும் 6,000 வட்டி. வண்டியின் மதிப்பாகக் கணக்கில் ஏற வேண்டியது 80,000 மட்டும். வட்டி தனியாக நஷ்டப் பக்கம் போகும். புத்தகத்தில் ஒரு பக்கம் ஓடும் விஷயத்தை மாணவர்களே பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

கடைசித் தவணை கட்டும்வரை பொருள் விற்றவருக்கே சொந்தம் என்று சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "அதான் எங்க அப்பா லோடு ஆட்டோவைத் தூக்கிட்டுப் போனாங்களா மேடம்?" வகுப்பு அமைதியானது. இன்றைய வண்டிக் கடன்களில் பல சட்டப்படி ஹயர் பர்ச்சேஸ் அல்ல, ஆர்.சி. வாங்கியவர் பெயரில் இருக்கும், கடன் கொடுத்தவரின் அடமான உரிமை அதில் பதிவாகியிருக்கும். அந்த வித்தியாசத்தை விளக்க அந்தப் பீரியட் முழுக்கப் போனது. மறுநாள் அந்த மாணவர் வீட்டிலிருந்து கடன் பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்தார்.

சிலபஸ் யார் முடிப்பது?

பாடத்திட்டத்தில் 5 பகுதிகள். ஒன்றை நிதானமாக நடத்தினால் இன்னொன்று அடிவாங்கும். துறைத்தலைவர் திட்டவில்லை, ஆனால், "கேள்வித்தாள் அஞ்சு யூனிட்லேருந்தும் வரும்மா, ஒரு யூனிட்லேருந்து வராது" என்றார். அதுவும் நியாயம்தான்.

மாலையில் கூடுதல் வகுப்பு வைத்துப் பார்த்தார். பெண்கள் ஊருக்குப் போகும் கட்டணமில்லா டவுன் பஸ் நாலரைக்கு. விட்டால் அடுத்தது ஆறரை. பையன்களில் பலர் மாலையில் துணிக்கடைக்கும் மெடிக்கலுக்கும் வேலைக்குப் போகிறார்கள். மூன்றாம் நாள் நாலு பேர் மட்டும் இருந்தார்கள். இப்போது காலை ஒன்பதே காலுக்கு வரச் சொல்லியிருக்கிறார். பஸ் எப்படியும் அந்த நேரத்துக்கு வந்துவிடுகிறது.

யுஜிசியின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு. காலை வகுப்புகள் அந்தக் கணக்கில் வராது. நாக் ஆவணங்களும் விடைத்தாள் கட்டுகளும் வீட்டுக்குத்தான் போகின்றன. புதிய ஆசிரியர்களின் முதல் ஆண்டை ஆராய்ந்த கலிஃபோர்னியாவின் எலன் மோய்ர், உற்சாகத்தில் தொடங்கி, தத்தளித்து, அக்டோபர் முதல் டிசம்பர்வரை மனம் உடைந்து, விடுமுறைக்குப் பிறகு ஜனவரியில் மெல்ல எழுவார்கள் என்று ஒரு வரைபடமே போட்டார். "எனக்கு உல்டா. டிசம்பர்ல நல்லாத்தான் இருந்தேன். ஜனவரிலதான் உடைஞ்சேன்" என்று சிரிக்கிறார் ஆசிரியை.

முதல் இன்டர்னல் தேர்வு அடுத்த வாரம். கேள்வித்தாளில் ஆங்கிலச் சொற்களுக்குக் கீழே தமிழ்ச் சொல்லும் அச்சாகியிருக்கிறது. இரண்டாம் இன்டர்னலில் அது இருக்காது என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார், பல்கலைக்கழகக் கேள்வித்தாளில் இருக்காது என்பதால். அன்று அழுத மாணவிக்கு ஏப்ரலில் இரண்டு அக்கவுண்டிங் தாள்கள், ஒன்று அரியர். காலை ஒன்பதே காலுக்கு முதல் ஆளாக வந்துவிடுகிறார். பேரேடு என்று எழுதி, அடித்துவிட்டு, லெட்ஜர் என்று எழுதுகிறார்.