முகத்தில் பிளேடு பட்டால் முடி அடர்த்தியாக வளருமா? ‘டெர்மாபிளேனிங்’ சிகிச்சையில் கவனிக்க வேண்டியவை

மொட்டை அடித்தால் குழந்தைக்கு முடி அடர்த்தியாக வளரும் என்பது நெல்லூர், நாயுடுபேட்டை, ஸ்ரீகாளஹஸ்தி வழியாகத் திருமலைக்குச் செல்லும் குடும்பங்களிலும், தமிழகத்திலிருந்து செல்லும் குடும்பங்களிலும் தலைமுறைகளாக நிலவும் நம்பிக்கை. பெண்களின் முகம் என்று வரும்போது இதே நம்பிக்கை அச்சமாக மாறிவிடுகிறது. முகத்தில் ஒருமுறை பிளேடு பட்டால் மீசை, தாடி போல முடி முளைத்துவிடுமோ என்ற அந்த அச்சமே, ‘டெர்மாபிளேனிங்’ எனப்படும் முகச் சரும சிகிச்சை குறித்து முதலில் எழும் கேள்வி. ஆனால், இந்த சிகிச்சையில் உண்மையாகவே கவனிக்க வேண்டியவை வேறு.

டெர்மாபிளேனிங் என்றால் என்ன?

சருமத்தின் மேற்பரப்பில் இறந்த செல்களால் ஆன மெல்லிய அடுக்கு உள்ளது. சருமம் இந்த செல்களைத் தானாகவே உதிர்த்து, சுமார் 4 முதல் 6 வாரங்களில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. கடலை மாவு, பயத்தம் மாவு, ஆந்திர வீடுகளில் பயன்படுத்தப்படும் சுன்னிப்பிண்டி ஆகியவற்றைத் தேய்த்துக் குளிக்கும்போதும் இறந்த செல்களே அகற்றப்படுகின்றன.

டெர்மாபிளேனிங்கில் இந்தப் பணியை அறுவை சிகிச்சைக்கான கூரிய பிளேடு செய்கிறது. முகத்தைச் சுத்தப்படுத்தி உலர்த்திய பின், சருமத்தை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, பிளேடைச் சுமார் 45 டிகிரி சாய்வில் வைத்து, மென்மையாகச் சுரண்டி எடுப்பர். இறந்த செல்களுடன் பூனை முடியும் அகன்றுவிடும். இதற்கு அரை மணி நேரம் போதும். பொதுவாக வலி இருக்காது.

இதனால் முகம் வழுவழுப்பாகத் தோன்றும். ஒப்பனையும் சீராகப் படியும். எனினும் இந்தப் பலன் சில வாரங்களே நீடிக்கும். ஆழமான பருத் தழும்புகளையும் மங்கு போன்ற நிறமாற்றங்களையும் இது குணப்படுத்தாது.

முடி தடிமனாக வளருமா?

வளராது. முடியின் தடிமனையும் வளரும் வேகத்தையும் தீர்மானிப்பது சருமத்துக்குள் இருக்கும் வேர்ப்பகுதி. பிளேடு அதைத் தொடுவதில்லை. அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் மில்ட்ரெட் ட்ராட்டர், சவரம் செய்வதால் முடியின் தடிமனோ வளர்ச்சி வேகமோ மாறுவதில்லை என்பதை 1928-ஆம் ஆண்டிலேயே ஆய்வின் மூலம் பதிவு செய்தார். இயற்கையாக வளரும் முடியின் நுனி கூராக இருக்கும். வெட்டப்பட்ட முடியின் நுனி மழுங்கி இருப்பதால், மீண்டும் வளரும்போது சொரசொரப்பாகத் தோன்றுகிறது.

ஆனால் முகவாய், மேலுதடு ஆகிய இடங்களில் கருமையான, தடித்த முடி புதிதாக வளரத் தொடங்கினால் அதை மழித்துவிட்டு மறந்துவிடக் கூடாது. அத்துடன் மாதவிடாய் ஒழுங்கற்று இருந்தால், அது சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) போன்ற ஹார்மோன் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். இந்நிலையில் அழகு நிலையத்துக்குச் செல்வதற்கு முன் மருத்துவரை அணுகுவது அவசியம்.

யார் தவிர்க்க வேண்டும்?

சீழ் நிறைந்த பருக்கள், அக்கி, மரு, எக்ஸிமா உள்ளவர்கள் இந்த சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும். மரு மீது பிளேடு பட்டால், அதிலுள்ள வைரஸ் முகம் முழுவதும் பரவக்கூடும். வெண்புள்ளி, சொரியாசிஸ் உள்ளவர்களுக்குச் சருமம் காயப்படும் இடத்தில் அதே பாதிப்பு புதிதாகத் தோன்றலாம். தழும்பு புடைத்து வளரும் தன்மை உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்பவர்கள், பருக்களுக்காக ‘ஐசோட்ரெடினாயின்’ எடுத்துக்கொள்பவர்கள் ஆகியோர் மருத்துவரின் ஆலோசனையின்றி இதைச் செய்துகொள்ளக் கூடாது.

மாநிறம் மற்றும் கருநிறச் சருமத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. இவ்வகைச் சருமத்தில் சிறு கீறலும் எரிச்சலும்கூடக் கரும்புள்ளிகளாக மாறி, மாதக்கணக்கில் மறையாமல் இருக்கக்கூடும்.

பிளேடு புதியதா?

ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடை மற்றொருவருக்குப் பயன்படுத்தினால், ரத்தத்தின் வழியே பரவும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி தொற்றுகளுக்கு வாய்ப்பு உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமமின்றி இயங்கிய அழகு நிலையம் ஒன்று 2018-இல் மூடப்பட்டது. அங்கு ஊசி மூலம் முக சிகிச்சை பெற்ற வாடிக்கையாளர்களுக்கு எச்ஐவி பரவியது குறித்து, அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு மையம் 2024 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. அங்கு பயன்பட்டது பிளேடு அல்ல, ஊசி. ஆயினும், சருமத்தைக் கீறக்கூடிய எந்தக் கருவிக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

எனவே, உறையிடப்பட்ட புதிய பிளேடு கண்ணெதிரே பிரிக்கப்படுகிறதா, சிகிச்சை அளிப்பவர் கையுறை அணிந்துள்ளாரா, பயன்படுத்திய பிளேடு துளையிட முடியாத கலனில் போடப்படுகிறதா என்பதை வாடிக்கையாளர் கவனிக்க வேண்டும். இவற்றைக் கேட்பது உரிமை. அதில் தயக்கம் தேவையில்லை.

சிகிச்சைக்குப் பின்

அன்றைய தினம் முகத்தை மென்மையாகக் கழுவி, ஈரப்பதம் அளிக்கும் கிரீம் பூசினால் போதும். ஸ்கிரப், ரெட்டினால், அமிலம் கலந்த சீரம் ஆகியவற்றைச் சில நாள்களுக்குத் தவிர்க்க வேண்டும். வெளியே செல்லும்போது குறைந்தது எஸ்பிஎஃப் 30 கொண்ட சன்ஸ்கிரீன் அவசியம். சிவப்பும் எரிச்சலும் ஓரிரு நாள்களில் தணியாவிட்டாலோ, சீழ்க் கொப்புளங்கள் தோன்றினாலோ தோல் மருத்துவரை உடனே அணுக வேண்டும்.