பிடி அரிசியும் அஞ்சறைப் பெட்டியும்

நம் பாட்டிமார் சோறு வடித்த விதத்தை இன்று சற்று நினைத்துப் பார்ப்போம். படியால் அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவார்கள். உலையில் போடுவதற்கு முன், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு பானையில் போட்டுவிடுவார்கள். அதுதான் பிடி அரிசி. பஞ்சம் வந்தால் அந்தப் பானை வீட்டைக் காப்பாற்றும். நம் ஊர்க் கோவில்கள் பலவற்றில், அந்த அரிசியை ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகக் கொண்டுவந்து ஏழைகளுக்குக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது.

ஒரு பிடி என்பது ஏறக்குறைய 50 கிராம். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதத்தில் ஒன்றரைக் கிலோ. அந்த ஒரு பிடி குறைந்ததால் வீட்டில் யாரும் பசியோடு படுக்கவில்லை. குறைந்தது யாருக்கும் தெரியவே இல்லை. மாதக் கடைசியில் சேர்ந்தது மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. நல்ல சிக்கனத்தின் இலக்கணம் இதுதான்.

இன்று நம் வீடுகளில் நிலைமை என்ன? சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறது. இருபதாம் தேதிக்குள் பர்ஸ் காலியாகிவிடுகிறது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதமும் கிறிஸ்து பிறப்பு விழாவும் திடீரென்று வருபவை அல்ல. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அவற்றைக் கடனோடுதான் சந்திக்கிறோம். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால், மாதம் 300 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 3,600 ரூபாய். அதாவது நாளுக்குப் பத்து ரூபாய். முதல் அப்படியே நிற்கும். "பத்து ரூபாயில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று நாம் அலட்சியமாக விடுகிற அதே பத்து ரூபாயைத்தான், பிறகு வட்டியாகத் தினமும் கட்டிக்கொண்டிருக்கிறோம். நாளுக்குப் பத்து ரூபாய் ஒதுக்கினால் ஆண்டில் 3,650 ரூபாய். கடன் வாங்கும் வீட்டுக்கும் வாங்காத வீட்டுக்கும் இடையே உள்ள தூரம் சில வேளைகளில் அவ்வளவுதான்.

அந்தப் பத்து ரூபாய் எங்கே இருக்கிறது? அதைத் தேடிப் பார்ப்போம்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவோம். ஒரு மாதத்துக்கு எந்தச் செலவையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். கடையில் குடிக்கும் டீ, பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கட், ஆட்டோ, கைப்பேசி ரீசார்ஜ் என எல்லாவற்றையும் எழுதுவோம். 15 ரூபாய் டீ நாளுக்கு இரண்டு என்றால் மாதம் 900 ரூபாய் என்பது எழுதிப் பார்த்தால்தான் உறைக்கும். கைப்பேசிக்கு 28 நாள் திட்டத்தில் பணம் கட்டுகிறோம். மாதம் ஒரு முறை கட்டுவதாக நினைக்கிறோம். ஆனால் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை கட்டுகிறோம். வீட்டில் நான்கு கைப்பேசிகள் என்றால் நான்கு ரீசார்ஜ் கூடுதல். கணக்கு எழுதுகிற வீட்டுக்கு இது தெரியும். எழுதாத வீட்டுக்குத் தெரியாது.

அடுத்து சமையலறை. புது சிலிண்டர் மாட்டும் நாளில் காலண்டரில் ஒரு குறி போட்டு வைப்போம். 14.2 கிலோ எரிவாயு நம் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்பது தெரிந்தால், அதை இன்னும் நான்கு நாள் நீட்டிக்க முடியுமா என்ற கேள்வி தானாகவே எழும். காய் நறுக்கி, மசாலா அரைத்து, எல்லாம் கைக்கெட்டும்படி வைத்த பிறகே அடுப்பைப் பற்றவைப்போம். கொண்டைக்கடலை, மொச்சை, பயறு வகைகளை முந்திய இரவே ஊற வைப்போம். பருப்பையும் அரை மணி நேரம் ஊற வைத்தால் சீக்கிரம் வேகும். கொதி வந்தபின் தீயைத் தணித்தாலும் தண்ணீரின் சூடு குறையாது. தீயைக் கூட்டினால் ஆவிதான் அதிகம் போகும். பாத்திரத்தின் அடியைத் தாண்டி எரிகிற தீ சுவரைத்தான் சூடாக்குகிறது. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால், பர்னரில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்வோம். பிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே அடுப்பில் ஏற்றாமல், சற்று நேரம் வெளியே வைத்துவிட்டுக் காய்ச்சுவோம்.

சமைத்ததை வீணாக்காமல் இருப்பது இன்னும் பெரிய சேமிப்பு. யோவான் நற்செய்தி ஆறாம் பிரிவில், ஐந்து அப்பத்தைக் கொண்டு ஐயாயிரம் பேருக்கு வயிறார உணவளித்த பிறகு, எஞ்சிய துண்டுகளை ஒன்றும் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்னார் இயேசு. பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. தேவைக்கு மேல் கொடுக்க வல்லவரே எஞ்சியதைக் கணக்குப் பார்த்திருக்கிறார் என்றால், அளந்து வாங்கும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் கலை நன்றாகவே தெரியும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழைய சோறு. நேற்றைய குழம்பைச் சுண்ட வைத்தால் அதற்குத் துணை. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும், வாழைக்காய்த் தோல் பொரியலாகும், தர்ப்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டாகும். புளித்த மாவில் வெங்காயம் போட்டால் ஊத்தப்பம். வாரத்தில் ஒரு நாள், புதிதாகக் காய் வாங்காமல், பிரிட்ஜில் இருப்பதை வைத்தே சமைப்பது என்று முடிவு செய்து பாருங்கள். உள்ளே மறந்துபோன எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்பது அன்று தெரியும்.

மின்சாரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். தொடக்க யூனிட்டுகளில் ஒரு பகுதி இலவசம். நம்மில் பலர் கவனிக்காதது 500 என்ற எல்லை. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அல்ல, முன்பு ஓடிய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கூடுதல் விலை விழுகிறது. 495 யூனிட்டில் நின்ற வீட்டுக்கும் 510 ஆன வீட்டுக்கும் கட்டணத்தில் சில நூறு ரூபாய் வித்தியாசம் வருவது இதனால்தான். எனவே மாதத்துக்கு ஒரு முறை நாமே மீட்டரைப் பார்த்து எழுதி வைப்பது நல்லது.

எதைக் குறைப்பது? ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் பழைய மின்விசிறி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால், இரண்டு மாதத்தில் 54 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டில் அதே வேலையைச் செய்கிறது. அதற்கு 22 யூனிட்கூட ஆகாது. விலை சற்று அதிகம்தான். அதனால் இருப்பதைத் தூக்கி எறிய வேண்டாம்; பழையது பழுதாகும்போது மாற்றினால் போதும். டி.வி.யை ரிமோட்டில் அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டுவிடுகிறோம். அது பத்து வாட் இழுத்தாலும், இரவு பகலாக இரண்டு மாதத்தில் 14 யூனிட்டைத் தின்றுவிடும். சுவரில் உள்ள சுவிட்சை அணைக்க ஒரு நொடி போதும். ஏ.சி. உள்ள வீடுகளில் 24 டிகிரியில் வைத்து, விசிறியையும் மெதுவாக ஓட விடலாம். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்கிறது.

தண்ணீரும் காசுதான். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கு மேல் ஆகும். தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம். சொட்டும் குழாயின் கீழே இரவில் ஒரு வாளியை வைத்து, காலையில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். சில ரூபாய் வாஷர் ஒன்று அதை நிறுத்திவிடும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரைப் பிடித்து வைத்தால் தரை துடைக்கவும் கழிவறைக்கும் ஆகும்.

கடைக்குப் போகும்போது பட்டியலோடு போவோம். பசியோடு போக வேண்டாம். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். விலையை எடையால் வகுத்துப் பார்ப்போம். ஷாம்பு போன்ற பொருள்களில் பல நேரம் சின்ன சாஷேயே மலிவாக இருக்கும். தேவையில்லாத பொருளுக்குப் பாதி விலை தள்ளுபடி கிடைத்தால், நமக்குப் பாதி விலை மிச்சமில்லை, பாதி விலை நட்டம்.

அன்பர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. தெருவில் கீரை விற்கும் அம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையை மறுபேச்சில்லாமல் கொடுப்பது சிக்கனம் அல்ல. வீட்டு வேலை செய்பவரின் கூலியில் பிடிப்பது சிக்கனம் அல்ல. மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் சிக்கனம் அல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல வீடுகளில் மிச்சம் பிடிப்பது என்றால், அம்மா குறைவாகச் சாப்பிடுவது என்றுதான் பொருளாக இருக்கிறது. எல்லாரும் உண்டபின் சட்டியில் இருப்பதைக் கொண்டு அவர் பசியாறுகிறார். தன் மூட்டுவலிக்கு மருத்துவரிடம் போவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடுகிறார். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கும் சீரகத்துக்கும் நடுவே அவர் ஒளித்து வைத்த காசு எத்தனையோ முறை நம் தேர்வுக் கட்டணமாக, நம் காய்ச்சலுக்கு மருந்தாக மாறியிருக்கிறது. அதை நன்றியோடு நினைப்போம். ஆனால் அதை ஏற்பாடாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் மட்டும் தன் வயிற்றைச் சுருக்கிச் சேமிக்க, மற்றொருவர் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் கணக்கில்லாமல் செலவழித்தால், அந்த வீட்டில் சிக்கனமும் இல்லை, நீதியும் இல்லை. செலவு நோட்டில் அந்தச் செலவும் எழுதப்பட வேண்டும். மாதம் ஒரு மாலை கணவனும் மனைவியும், விவரம் தெரிந்த பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டட்டும். வீட்டின் வரவு எவ்வளவு என்று தெரிந்த பிள்ளை கேட்கும் முன் ஒரு முறை யோசிக்கும்.

மிச்சமானதை வீட்டிலேயே வைத்தால் கரைந்துவிடும். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். பள்ளிச் செலவுக்கு, மருத்துவத்துக்கு, விழாவுக்கு என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி ஒதுக்கினால், அந்தப் பணத்தில் கை வைக்க மனம் தயங்கும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில், தண்ணீரைக் குறைத்துப் பயன்படுத்துவதையும், உண்ணும் அளவுக்கே சமைப்பதையும், தேவையற்ற விளக்கை அணைப்பதையும் நல்ல செயல்களின் வரிசையில் வைத்துப் பேசினார். இவ்வளவு சிறிய செயல்களா என்று எண்ண வேண்டாம். நம் பாட்டியின் கைப்பிடியும் சிறியதுதான்.

இந்த வாரம் ஒன்றே ஒன்றைத் தொடங்குவோம். அது நோட்டாக இருக்கலாம், மீட்டராக இருக்கலாம், சொட்டும் குழாயாக இருக்கலாம். அதில் மிஞ்சுவதில் ஒரு பிடியை, பழைய வழக்கப்படி, நம்மிலும் இல்லாத ஒருவருக்காக எடுத்து வைப்போம். குறைந்தது நமக்குத் தெரியாது. கிடைத்தது அவருக்குத் தெரியும்.