கட்டம் கட்டிச் சொல்லும் எச்சரிக்கை

மைக்ரோவேவ் அடுப்பைப் பழுதுபார்க்கிறவர்களுக்குத் தெரியும், பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது என்று. உள்ளிருக்கும் கபாசிட்டர், மின்சாரம் நின்ற பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கலாம். பழுதுபார்க்கும் கையேட்டில் இதை எங்கே எழுதுவது? ‘கபாசிட்டர் வயர்களைக் கழற்றவும்’ என்று சொல்லிவிட்டு அதன் கீழே பெட்டி போட்டு, ‘எச்சரிக்கை: முதலில் மின்னூட்டத்தை இறக்கவும்’ என்று எழுதினால், அந்த வரியைப் படிக்கப் பழுதுபார்ப்பவர் மிஞ்சியிருக்க மாட்டார்.

அதனால்தான் விமானப் பராமரிப்புக் கையேடுகளில் எச்சரிக்கை எப்போதும் அந்த வேலைக்கு முன்னால் வருகிறது. மென்பொருள் கையேட்டிலும் இதே கதைதான். அவசரக்காரர் கட்டளை இருக்கும் கட்டத்துக்குத்தான் முதலில் தாவுவார்; நகலெடுப்பார், ஒட்டுவார், என்டர் தட்டுவார். விளக்கமெல்லாம் ஏதாவது கெட்டுப்போன பிறகுதான்.

எச்சரிக்கைகளுக்குள் ஏற்றத்தாழ்வும் உண்டு. அமெரிக்காவின் ஆன்சி இசட்535 தரநிலையில் உச்சத்தில் இருப்பது சிவப்பு நிற ‘டேஞ்சர்’: தவிர்க்காவிட்டால் மரணமோ படுகாயமோ நிச்சயம். அடுத்தது ஆரஞ்சு நிற ‘வார்னிங்’: அதே விளைவு, ஆனால் நேரலாம் என்ற அளவில். மஞ்சள் ‘காஷன்’ சிறு காயங்களுக்கு. நீல நிற ‘நோட்டீஸ்’ வந்தால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது, பொருளுக்குத்தான் சேதம்.

நிரலாளர்கள் புழங்கும் கிட்ஹப் தளம் 2023இல் நோட், டிப், இம்பார்ட்டன்ட், வார்னிங், காஷன் என்று ஐந்து பெட்டிகளைக் கொண்டுவந்தது. அங்கே வார்னிங் மஞ்சள்; காஷன்தான் சிவப்பு. தொழிற்சாலையின் வரிசை அப்படியே தலைகீழ்! இரண்டு உலகத்திலும் வேலை பார்க்கிற பொறியாளரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. கட்டுரைக்கு ஒன்றிரண்டு பெட்டி போதும், அடுத்தடுத்து வைக்காதீர்கள் என்றும் கிட்ஹப் சொல்கிறது. கேட்பவர்கள் குறைவு. வழக்குக்குப் பயந்து அச்சிடும் வீட்டுக் கருவிக் கையேடுகளின் முதல் பக்கங்களைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகையில் எல்லாப் பெயரையும் தடித்த எழுத்தில் போட்ட மாதிரி, எதுவுமே கண்ணில் படாது.

பெட்டிக்குள் என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘மிகுந்த கவனத்துடன் செயல்படவும்’ என்பது எழுதியவருக்கு நிம்மதி, படிப்பவருக்குப் பயனில்லை. என்ன ஆபத்து, மீறினால் என்ன ஆகும், தப்புவது எப்படி என்ற மூன்றும் வேண்டும். ‘இந்தக் கட்டளை வாடிக்கையாளர் விவரங்கள் முழுவதையும் அழித்துவிடும். திரும்பப் பெற முடியாது. முதலில் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.’ இவ்வளவுதான். நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் சிவப்பும் நீலமும் ஒன்றுதான். சொல்லும் சின்னமும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

சில பெட்டிகள் எழுத்தாளரின் பொறுப்பே இல்லை. பாதுகாப்புப் பொறியியலில் முதல் வேலை ஆபத்தையே நீக்குவது, முடியாவிட்டால் தடுப்பு வைப்பது, எச்சரிக்கை அதற்கப்புறம்தான். கிட்ஹப்பில் ஒரு நிரல் களஞ்சியத்தை அழிக்கப் போனால், அதன் பெயரை நாமே தட்டச்சு செய்தாக வேண்டும். அந்தச் சில நொடித் தாமதம், சிவப்புப் பெட்டியைப் படிக்காமல் தாண்டிப் போகிறவரையும் நிறுத்திவிடுகிறது.